உயர்பாலை நாட்டில் மாட்டுப் பண்ணைகளும் கூடார விருந்தினரும்

மாடு வளர்த்துப் பிழைப்போர்க்கு மாட்டினின்று வரும் வருமானத்தோடு வேறொரு சிறு வருமானமும் கிட்டுமாயின், அதனை வேண்டாவென்று தள்ளுவோர் எந்நாட்டிலும் இலர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியிலுள்ள வறண்ட மேட்டு நிலங்களில் பல குடியானவர்கள் இத்தகைய உபதொழில் ஒன்றை மேற்கொண்டுள்ளனர். நகரங்களிலிருந்து வரும் பிரயாணிகள் தங்கள் நிலத்தில் கூடாரமடித்து ஓரிரு இரவு தங்க இடங்கொடுத்து, அதற்குக் கட்டணம் பெறுகின்றனர். உழ வேண்டுவதில்லை, விதையும் உரமும் வேண்டுவதில்லை. பார்வைக்கு இஃது எளிய தொழிலாகவே தோன்றும். ஆயினும் காசு கைமாறிய அக்கணமே நிலத்துக்குடையவரின் பொறுப்பு எங்ஙனம் மாறுகிறது, ஒரு விருந்தினரின் கவனக் குறைவால் எத்தனை ஆண்டு மேய்ச்சல் அழியக்கூடும் என்பவற்றை ஆராய்ந்தால்தான் இதன் உண்மை நிலை விளங்கும். ஆரிகன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியை உதாரணமாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

நிலத்தின் இயல்பு

ஆரிகன் மாநிலத்தின் மேற்கே காஸ்கேட் மலைத்தொடர் வடக்குத் தெற்காக நிற்கிறது. பசிபிக் மாகடலிலிருந்து வரும் மேகங்கள் இம்மலையின் மேற்குச் சரிவிலேயே பெரும்பகுதி மழையைப் பொழிந்துவிடுகின்றன. கிழக்கேயுள்ள நிலத்துக்கு எஞ்சுவது சொற்பமே. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் அமைந்த இந்நிலத்தில் ஆண்டு மழை பல இடங்களில் 10 அங்குலத்தை ஒட்டியே இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி குளிர்காலத்தில் பனியாக வீழ்வது. பாலை என்றவுடன் மணற்குன்றுகளை நினைத்தல் கூடாது. சாம்பல் நிறச் சேஜ் புதர்களும், இடையிடையே கொத்துக் கொத்தாக வளரும் புல்லும், மேடுகளில் ஜூனிப்பர் மரங்களும் நிறைந்த பரந்த வெளி அது. கோடையின் பகலில் வெயில் சுடும். அன்றிரவே கம்பளி தேவைப்படும். ஜூலை மாதத்திலுங்கூட உறைபனி விழும் இடங்கள் உண்டு.

இப்பகுதியிலுள்ள ஹார்னி கவுண்டியின் பரப்பு 10,000 சதுர மைலுக்குச் சற்று மிகுதி. தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு எனலாம். ஆனால் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அதன் ஜனத்தொகை 7,495 மட்டுமே! கவுண்டித் தலைநகரான பர்ன்ஸ் என்னும் சிற்றூரிலிருந்து பெரிய ஊராகிய பெண்ட் 130 மைல் தொலைவில் உள்ளது. இடையே பல இடங்களில் கைத்தொலைபேசியும் பேசாது. நகரத்தார் இவ்வூர்களைத் தேடி வருவதற்கு இத்தனிமையே முதற் காரணம். ஆபத்து நேருங்கால் பெரும் இடையூறாக நிற்பதும் இதுவே.

நீருள்ள நிலம் யாருடையது?

ஹார்னி கவுண்டியின் நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு மத்திய சர்க்காருக்குச் சொந்தமானது. இது நேர்ந்த விதம் அறியத்தக்கது. 1862-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் குடும்பம் ஒன்றுக்கு 160 ஏக்கர் அளித்தது. வறண்ட நிலத்தில் அது போதாதெனக் கண்டு 1909-இல் 320 ஏக்கராகவும், கால்நடை வளர்ப்போர்க்கு 1916-இல் 640 ஏக்கராகவும் உயர்த்தினர். குடியேறியோர் அறிவிலிகள் அல்லர். ஓடைக்கரைகளையும், ஊற்றுள்ள இடங்களையும், புல்வெளிகளையும் முதலில் எடுத்துக்கொண்டனர். நீரற்ற மேடுகளைக் கேட்பாரில்லாமல் அவை சர்க்காரிடமே தங்கிவிட்டன. 1934-ஆம் ஆண்டின் டெய்லர் மேய்ச்சல் சட்டத்திற்குப் பின், அந்நிலங்களில் மாடு மேய்க்க அனுமதிச் சீட்டும் கட்டணமும் ஏற்பட்டன. 2019 முதல் 2025 வரை பசுவும் கன்றும் ஒரு மாதம் மேயக் கட்டணம் 1 டாலர் 35 சென்டாக இருந்தது.

சர்க்கார் நிலத்தில் கூடாரமடிப்போர் பெரும்பாலான இடங்களில் 14 நாள் வரை கட்டணமின்றித் தங்கலாம். அங்ஙனமிருக்க, தனியார் நிலத்திற்குப் பணங்கொடுத்து வருவது ஏன் என்று வாசகர்கள் வினவக்கூடும். மேற்கூறிய வரலாற்றிலேயே விடை இருக்கிறது. நீரும் நிழலும் பெரும்பாலும் தனியார் நிலத்தில்தான் உள்ளன. அன்றியும், வழி தவறினால் சொல்லவும், வண்டி சேற்றில் புதைந்தால் டிராக்டர் கொண்டு இழுக்கவும் அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது. 9,733 அடி உயரமுள்ள ஸ்டீன்ஸ் மலையின் கிழக்கடியில் ஆல்வார்ட் என்னும் வற்றிய ஏரிப் படுகை ஒன்றுண்டு. அதன் ஓரத்திலுள்ள வெந்நீர் ஊற்று ஒரு பண்ணைக் குடும்பத்தின் நிலத்தில் இருப்பதால், நீராடவும் தங்கவும் வருவோர் கட்டணம் செலுத்துகின்றனர். 2013-இல் கலிபோர்னியாவில் தோன்றிய ஹிப்கேம்ப் போன்ற நிறுவனங்கள், நிலமுள்ளோரையும் தங்க விரும்புவோரையும் இணையத்தின் வழியே கூட்டிவைத்த பின் இத்தொழில் சிறு பண்ணைகளுக்கும் பரவிற்று.

ஒரு குடும்பம் ஓரிரவு தங்கக் கொடுக்கும் தொகை, ஒரு பசு சர்க்கார் நிலத்தில் பல மாதம் மேய்வதற்கான கட்டணத்தைவிட மிகுதியாகவே இருக்கும். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து மயங்குவோர் உண்டு. வருமானத்தை மட்டும் எண்ணுதல் கணக்காகாது என்பது நமது கருத்து.

காசு வாங்கினால் வரும் பொறுப்பு

பிறர் நிலத்தில் நடக்கவும் மீன் பிடிக்கவும் தங்கவும் பொதுமக்களுக்கு இடங்கொடுக்க நிலமுடையோர் அஞ்சக்கூடாது என்பதற்காக, அமெரிக்காவின் 50 மாநிலங்களும் தனித்தனியே சட்டம் இயற்றியுள்ளன. ஆரிகன் சட்டப்படி, கட்டணமின்றி அனுமதி பெற்று வந்த ஒருவர் பாறையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டால், பொதுவாக நிலத்துக்குடையவர்மீது நஷ்டஈட்டு வழக்குத் தொடர இயலாது. தங்குவதற்கென்று கட்டணம் வாங்கிவிட்டாலோ, தங்க வந்தவர் விஷயத்தில் அப்பாதுகாப்பு நீங்கிவிடும். இலவச விருந்தினர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியவர், பணங்கொடுத்தவரோ வாடிக்கைக்காரர். பழுதுற்ற மரக்கிளை, மூடாத பழங்கிணறு, முரட்டுக் காளை இவற்றுக்கெல்லாம் பண்ணைக்காரர் பதில் சொல்லியாக வேண்டும். எல்லா மாநிலங்களிலும் விதி ஒன்றல்ல. டெக்சாஸில் ஆண்டில் பெறும் கட்டணம் நிலவரியின் 20 மடங்குக்கு மேற்படாத வரையில் விவசாய நிலத்தார்க்குப் பாதுகாப்பு நீடிக்கிறது. இது நியாயமான ஏற்பாடாக நமக்குத் தோன்றுகிறது.

2015-ஆம் ஆண்டில் ஆரிகனும் ஒரு வழி செய்தது. பண்ணைக்கு விருந்தினரை வரவழைப்போர், அங்கு இயல்பாகவுள்ள அபாயங்களைக் கூறும் அறிவிப்புப் பலகையை நுழைவாயிலில் வைத்தால், அவ்வபாயங்களால் நேரும் தீங்குக்குப் பொறுப்பாகார். ஆனால் தமக்குத் தெரிந்த கேட்டினை மறைத்தவர்க்கு எந்தப் பலகையும் துணை செய்யாது. சாதாரணப் பண்ணை இன்ஷூரன்ஸும் கட்டணம் செலுத்தும் விருந்தினரைப் பெரும்பாலும் தழுவாது. ஆதலின் அதற்கெனத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும். முதல் விருந்தினர் வருமுன் செய்ய வேண்டிய வேலை இது. கூடாரத்திற்கு இடம் பார்ப்பதெல்லாம் அதன் பின்னரே.

தீயும் புல்லும்

உயர்பாலை நாட்டார் எதனினும் அஞ்சுவது தீ. அங்குள்ள பழம்புற்கள் கொத்தாக வளர்பவை. கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே வெறுந்தரை உண்டு. ஓரிடத்தில் பற்றிய தீ அவ்வெறுந்தரையைத் தாண்ட வகையின்றி அணைந்துவிடுவதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நிய நாட்டினின்று வந்து பரவிய சீட் என்னும் புல் இந்நிலையை மாற்றிவிட்டது. அது இலையுதிர் காலத்தில் முளைத்து, வசந்தத்தில் வளர்ந்து, கோடைத் தொடக்கத்திலேயே காய்ந்து, வெறுந்தரையையெல்லாம் பஞ்சுபோல் மூடிக்கொள்கிறது. எரிந்த இடத்தில் முதலில் முளைப்பதும் அதுவே. பெருஞ்சேஜ் புதர் வேரினின்று மீண்டும் தழையாது. விதையால் முளைத்து முன்னிலை அடையப் பல பத்தாண்டுகள் செல்லும்.

2012-ஆம் ஆண்டில் தென்கிழக்கு ஆரிகனில் மூண்ட லாங் டிரா தீ 5 லட்சத்து 50 ஆயிரம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அது மின்னலால் வந்தது. மனிதர் கையில் இல்லை. ஆனால் அணைக்காத அடுப்பும், காய்ந்த புல்லின்மேல் நிறுத்திய மோட்டார் வண்டியின் சூடான புகைக்குழாயும், தரையில் உராய்ந்து பொறி கிளப்பும் இழுவண்டிச் சங்கிலியும் மனிதர் கையில் உள்ளவை. இவற்றாலும் பெருந்தீ மூளுவதுண்டு. தீப்பட்ட சர்க்கார் மேய்ச்சல் நிலத்தைப் பொதுவாக இரண்டு வளர்பருவங்களுக்கு மூடிவைப்பர். அதுவரையில் பண்ணைக்காரர் உலர்புல்லை விலைக்கு வாங்கியோ, வேறிடத்தில் மேய்ச்சலைக் குத்தகைக்குப் பிடித்தோ மாடுகளைக் காக்க வேண்டும்; இயலாதவர் மந்தையை விற்க நேரும். பல ஆண்டுகளாகத் தேர்ந்து வளர்த்த தாய்ப்பசுக்களை ஒரு வாரத்தில் விற்றுவிடலாம். அத்தகைய மந்தையை ஒரு வாரத்தில் வாங்க முடியாது. ஓரிரவுக் கட்டணத்திற்கு எதிரே தராசில் வைக்க வேண்டிய எடை இதுவே.

கிழக்கு ஆரிகனில் தீயணைப்பு நிலையம் எதற்கும் உட்படாத நிலம் மிகுதி. அங்கே பண்ணைக்காரர்களே ஒன்றுகூடி மேய்ச்சல் நிலத் தீத்தடுப்புச் சங்கங்களை அமைத்துள்ளனர். இத்தகைய சங்கங்கள் இருபதுக்கும் மேற்பட்டுள்ளன. உறுப்பினர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள். மாநில வனத்துறை பயிற்சியளித்துப் பழைய தண்ணீர் வண்டிகளையும் உதவுகிறது. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதனைக் கருத்தில் இருத்துவது நலம். தீ கண்ட ஒரு மணி நேரத்தில் வந்து சேர்பவர் பெரும்பாலும் அண்டை நிலத்துக்காரரேயாவார். ஆகவே விருந்தினரை ஏற்க எண்ணும் பண்ணைக்காரர் அண்டை அயலாரிடமும் அதனைக் கூறிவிடுதல் அங்கே மரியாதை.

கதவும் தொட்டியும்

வேலிக் கதவைத் திறந்திருக்கக் கண்டால் திறந்தபடியும், மூடியிருக்கக் கண்டால் மூடியும் செல்ல வேண்டுமென்பது அந்நாட்டின் பழைய விதி. நகரத்தார் நல்லெண்ணத்தாலேயே இதில் தவறுவர். திறந்திருந்த கதவை ஒருவர் மூடிவிட்டால், மேய்ச்சலிலுள்ள மாடு தண்ணீர்த் தொட்டிக்கு வர வழியின்றித் தவிக்கும்.

தொட்டியருகே கூடாரமடிப்பது இதனினும் தீது. பரந்த வெளியில் வளர்ந்த மாடுகள் மனிதருக்குக் கூச்சப்படுபவை. பல மைல் நடந்து வந்த மந்தை, அங்கே விளக்கும் நாயும் இருக்கக் கண்டால் தூரத்திலேயே நின்றுவிடும். மானும் அவ்வாறே. நெவாடா மாநிலத்தில் காட்டு விலங்கும் கால்நடையும் நாடும் நீர்நிலைக்கு 100 கஜத்துக்குள்ளும், அரிசோனாவில் அவற்றுக்குள்ள ஒரே நீர்நிலைக்குக் கால் மைலுக்குள்ளும் கூடாரமடிப்பதைச் சட்டமே தடுக்கிறது. ஆரிகன் பண்ணைகளில் நிலத்துக்குடையவரே இடத்தைக் குறித்துக் காட்டிவிடுதல் நல்லது. கழிப்பிடமும் அவ்வாறே. ஈரமற்ற மண்ணில் மலம் எளிதில் மக்குவதில்லையாதலின், தற்காலிகக் கழிப்பிடம் ஒன்று வைப்பது முதற் செலவாகக் கொள்ளத்தக்கது.

மத்ராஸ் கண்ட கூட்டம்

ஆரிகன் உயர்பாலையில் மத்ராஸ் என்றே ஓர் ஊர் உண்டு. நம் சென்னையில் நெய்த பருத்தித் துணிச் சுருளொன்றில் இருந்த பெயரைக் கண்டு அவ்வூருக்கு இட்டனர் என்று அங்கே வழங்கும் வரலாறு கூறுகிறது. 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தின் பாதை இவ்வூரின் மீது சென்றது. வானம் தெளிவாயிருக்கும் இடமென்று பெயர் பெற்றதால் பல்லாயிரவர் திரண்டனர். சுற்றுப்புற விவசாயிகள் வயல்களைக் கூடாரத்திற்கு வாடகைக்கு விட்டனர். ஒச்சோக்கோ மலைப்பகுதியின் பெரும் புல்வெளியிலுள்ள தனியார் பண்ணையொன்றில் கிரகண விழாவுக்கு ஏறத்தாழ 30,000 பேர் கூடினர். ஆகஸ்டு அந்நாட்டின் தீக்காலம். மேற்கே சிஸ்டர்ஸ் என்னும் ஊரருகே அப்போதே காடு எரிந்துகொண்டிருந்தது. 3,000 பேருக்கு மேல் ஒரு நாளுக்கு மேற்பட்டுத் திறந்தவெளியில் கூடுவதாயின், குடிநீர், கழிப்பிடம், மருத்துவம், தீத்தடுப்பு ஆகியவற்றிற்கு ஏற்பாடு காட்டிக் கவுண்டியின் அனுமதி பெறவேண்டும் என்பது ஆரிகன் சட்டம். அத்தகைய கூட்டம் ஒரு நாள் வியப்பேயன்றி நிலையான உபதொழிலாகாது. ஒரே சமயத்தில் இரண்டு மூன்று குடும்பங்களுக்கு மேற்படாமல் ஏற்கும் பண்ணையே நமக்கு உகந்ததாகத் தோன்றுகிறது.

விவசாய நிலத்தைக் காக்க 1973-ஆம் ஆண்டில் ஆரிகன் நிலப்பயன் சட்டத்தை இயற்றிற்று. அதன் வழிவந்த விதிகள் விவசாயத்திற்கென ஒதுக்கிய நிலத்தில் தனியார் கூடாரத் திடல்களைக் கட்டுப்படுத்துகின்றன. ஒருவர் ஆறு மாத காலத்தில் 30 நாளுக்கு மேல் ஒரே திடலில் தங்கலாகாது. ஒவ்வொரு கூடார இடத்திற்கும் தனித்தனியே மின்சாரமோ குழாய்நீரோ சாக்கடையோ இணைத்தலும் கூடாது. பண்ணை சிறிது சிறிதாக விடுதியாகி, விடுதி ஊராகி, முடிவில் மேய்ச்சல் நிலம் வீட்டுமனையாவதைத் தடுப்பதே இதன் கருத்து. கடுமையான விதி என்று குறை கூறுவோர் உண்டெனினும், நாம் அதனைச் சரியென்றே கருதுகிறோம்.

கவனமுள்ள பண்ணைக்காரர்கள் விருந்தினரை மே, ஜூன் மாதங்களிலும் செப்டம்பரிலும் ஏற்று, தீக்காலத்தில் நிறுத்திவிடுகின்றனர். நிறுத்த இயலாதவர், விறகடுப்பைத் தடுத்து வாயு அடுப்பை மட்டும் அனுமதிக்கின்றனர். வண்டிகளைப் புல் செதுக்கிய தரையிலேயே நிறுத்தச் செய்கின்றனர். தண்ணீர் நிரப்பிய பீப்பாயும் மண்வெட்டியும் ஒவ்வொரு கூடாரத்தருகும் வைக்கப்படும். விருந்தினர் சென்றபின் ஒருமுறை நடந்து, கதவுகளைப் பார்த்து, தொட்டியில் மிதவை சரியாயிருக்கிறதா என நோக்கி, தீ மூட்டிய இடமிருந்தால் சாம்பலைக் கிளறி நீரூற்றிப் புறங்கையால் தொட்டு, குளிர்ந்திருத்தலை அறிந்த பின்னரே வீடு திரும்புவர்.