புளிக்காத புளிப்புப் பொருள்

ஜெர்மன் மொழி வேதியியல் ஏடுகளைப் புரட்டுவோர்க்கு முதலில் எதிர்ப்படும் கூட்டுச் சொற்களுள் ஒன்று 'சௌவர்ஷ்டோஃப்'. 'சௌவர்' என்றால் புளிப்பு. 'ஷ்டோஃப்' என்றால் பொருள். உடனே எலுமிச்சையை எண்ணிவிட வேண்டாம். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனுக்கு ஜெர்மானியர் வழங்கும் பெயர் இது! மணமும் சுவையும் அற்ற வளிக்குப் புளிப்பு எங்ஙனம் வந்தது?

விடை பிரான்சு நாட்டில் இருக்கிறது. அமிலங்கள் எல்லாவற்றிற்கும் புளிப்பைத் தருவது இவ்வளியே என்று லவாசியே கருதினார். ஆதலின் 'புளிப்பைப் பிறப்பிப்பது' என்று பொருள்படக் கிரேக்க வேர்களைக் கொண்டு பெயரிட்டார். 1787-இல் அவரும் அறிஞர் மூவரும் வெளியிட்ட பெயரிடு முறை நூலில் அப்பெயர் இடம் பெற்றது. ஜெர்மானியர் அதைத் தம் மொழியில் பெயர்த்துக்கொண்டனர்.

தம் மொழி என்றேன். அது பாதிதான் உண்மை. 'சௌவர்' பழைய ஜெர்மானியக் குடியில் பிறந்த சொல். ஆங்கிலத்தில் புளிப்பைக் குறிக்கும் 'சவர்' அதன் உடன்பிறப்பு. 'ஷ்டோஃப்' என்பதோ விருந்தாளி. பழைய பிரெஞ்சில் தோன்றி, டச்சு மொழி வழியாக 17-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனுக்கு வந்தது. துணி என்ற பொருளும் அதற்கு இன்றளவும் உண்டு.

பின்னர் அடிப்படையே ஆட்டங்கண்டது. குளோரின் ஒரு தனிமமே என்று 1810-இல் டேவி எடுத்துக்காட்டினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் அறவே இல்லை என்பது தெளிவாயிற்று. கொள்கை வீழ்ந்தது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஜெர்மனில் வேறு பெயர்கள் இல்லாமலும் இல்லை. 1777-இல் வெளிவந்த தம் நூலில் ஷீலே இதனைத் 'தீக்காற்று' என்றார். 'லேபன்ஸ்லுஃப்ட்' என்றும் வழங்கினர். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'உயிர்வளி'. நாம் தமிழில் வழங்கும் பெயரேதான்!

நம் சங்கக் கூட்டங்களில் அறிவியல் பேச எழும் நண்பர் சிலர், தக்க தமிழ்ச் சொல் கிடைக்கவில்லையே என்று தயங்கி அமர்ந்துவிடுகின்றனர். அவர்களுக்காகவே இதை எழுதினேன். தவறான கொள்கையில் பிறந்த பெயரை வைத்துக்கொண்டே ஜெர்மானியர் உலகம் போற்றும் வேதியியலை வளர்த்தனர். பலரும் எடுத்து வழங்க வழங்கத்தான் சொல்லுக்குப் பொருள் உறுதிப்படுகிறது. உயிர்வளி என்போம், ஆக்சிஜன் என்போம். எதுவாயினும் அடுத்த கூட்டத்தில் தமிழிலேயே பேசுவோம்.