வெற்றிடமும் ஒரு கேள்விக்குறியும்

கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைகளின் தொகுப்பே நிரல் ஆகும். நிரல் எழுதும் மொழிகளுள் ஒன்று, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் அறிமுகம் செய்த 'சி ஷார்ப்'. அம்மொழியில் எழுதிய நிரல் இயங்குவதற்கான அடித்தளமும் ஆயத்தக் கருவிகளும் அடங்கிய தொகுதியை 'டாட் நெட்' என்பர். இவை ஆண்டுதோறும் வளர்ந்து வருகின்றன. தவறு நேரும் முன்பே நம்மைத் தடுக்கும் மூன்று புதிய வசதிகளை மட்டும் இங்குக் காண்போம்.

ஒரு மதிப்பெண் பட்டியலை எண்ணிப் பார்ப்போம். ஒரு மாணவி பூஜ்யம் பெற்றாள் என்பது வேறு. அவள் தேர்வுக்கே வரவில்லை என்பது வேறு அல்லவா? நிரலில் இவ்வாறு 'ஒன்றும் இல்லாத' நிலைக்கு 'நல்' என்று பெயர். பெயரில் 'நல்' இருப்பினும் அதனால் விளைந்த தொல்லைகள் பல! இல்லாத ஒன்றை இருப்பதாகக் கருதிப் பயன்படுத்த முயன்றால் நிரல் பாதியில் நின்றுவிடும். 1965இல் இதனை உருவாக்கிய ஆங்கிலேய அறிஞர் டோனி ஹோர், 2009இல் தாமே இதை 'நூறு கோடி டாலர் தவறு' என்று அழைத்தார்.

இதற்கு மருந்தாக வந்தது ஒரு சிறு கேள்விக்குறி. வகையின் பெயரை அடுத்துக் கேள்விக்குறி இட்டால், 'இது வெற்றாகவும் இருக்கலாம்' என்று பொருள். எண்களுக்கு 2005இலேயே வந்த இவ்வசதி, 2019இல் வெளியான சி ஷார்ப் 8இல் எழுத்துத் தொடர் முதலியவற்றுக்கும் விரிந்தது. வெற்றா என்று சோதிக்காமல் பயன்படுத்தினால், நிரலை மாற்றித் தரும் 'கம்பைலர்' முன்னதாகவே எச்சரிக்கும். 2021இல் வந்த டாட் நெட் 6 முதல், புதிதாகத் தொடங்கும் நிரல்களில் இக்காவல் தொடக்கத்திலேயே அமைந்துள்ளது.

இரண்டாவது, 2020இல் வந்த 'ரெக்கார்ட்'. ஒரே வரியில் இதனை அமைக்கலாம். அவ்வாறு அமைத்தால், எழுதிய விவரத்தைப் பின்னர் மாற்ற இயலாது. 'வித்' என்ற சொல்லால் திருத்திய நகல் எடுக்கலாம். மூலச் சான்றிதழில் கை வைக்காமல் புதிய சான்றிதழ் எழுதுவது போன்றது இது.

மூன்றாவது, 2022இல் சி ஷார்ப் 11 தந்த 'ரிக்வயர்ட்'. விண்ணப்பப் படிவத்தில் கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டத்தைப் போன்றது. அதனை நிரப்பாமல் விட்டால் கம்பைலர் நிரலை ஏற்றுக்கொள்ளாது.

ஆயினும் ஒன்றை நாம் மறக்கலாகாது. கேள்விக்குறி தரும் எச்சரிக்கையை, ஓர் ஆச்சரியக்குறி இட்டு அடக்கிவிடவும் வழி உண்டு! மருத்துவமனை நிரல் ஒன்றில் நோயாளியின் இரத்த வகை எழுதப்படாமல் இருந்தால், அவ்வெற்றிடத்தின் பின்னே ஓர் உயிர் இருக்கிறது. கருவி எச்சரிக்கலாம், செவிசாய்க்க வேண்டியவர் நாமே. எனவே நிரல் கற்கும் நாம், 'இது இல்லாமற் போனால் என்ன செய்வது?' என்று முதலிலேயே கேட்டுப் பழகுவோம்.