பித்தக்கல்லைக் கரைத்தல்

'கல்' என்னும் சொல் ஈண்டு நம்மைச் சிறிது மயக்குவதாகும். மேனாட்டாரிடத்துக் காணப்படும் பித்தக்கற்களுட் பெரும்பாலான, கொலஸ்திரோல் என்னும் மெழுகனைய பொருள் திரண்டு உண்டாவன. ஈரலிற் சுரக்கும் பித்தநீரில் அப்பொருள் அளவின் மிகுமாயின், கரைந்து நில்லாது பளிங்குருவாய்ப் படிந்து, பித்தப்பையுள் நாளடைவில் இறுகும். கல்சியம் மிக்க கற்களும் கரிய நிறப்பொருட் கற்களும் வேறினத்தன. இவ்வேறுபாட்டை மாணவர் முதற்கண் உளங்கொள்ளுதல் வேண்டும்.

மெழுகனையது நீரிற் கரையாது, ஈதரிற் கரையும். ஈதரைக் கொண்டு பித்தக்கல்லை அகற்றிய செய்தியை வாக்கர் என்னும் மருத்துவர் 1891ஆம் ஆண்டிலேயே இலண்டன் 'லான்செற்' இதழில் வெளியிட்டார். ஆயின், ஈதரின் கொதிநிலை ஏறத்தாழ 35 பாகை செல்சியசு. நம் உடலின் வெப்பமோ 37 பாகை. உள்ளே சென்ற ஈதர் ஆவியாகிப் பையை விம்மச் செய்யும். இரண்டு பாகை வேறுபாடு எத்துணை இடர் விளைத்தது, பாருங்கள்!

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து மேயோ மருத்துவ நிலையத்தார் 1985இல் வேறோர் ஈதரைக் கையாண்ட முடிவுகளை வெளியிட்டனர். மெதயில் தேட்-பியூற்றயில் ஈதர் என்பது அதன் பெயர். பெற்றோலுடன் கலத்தற்கென ஆலைகளில் ஆக்கப்பட்ட பொருள் அது. அதன் கொதிநிலை 55 பாகை. ஆதலின் உடலினுள்ளும் திரவமாகவே நிற்கும்.

தோலையும் ஈரலையும் ஊடுருவி நுண்குழாய் ஒன்றைப் பித்தப்பையுட் செலுத்துவர். சில மில்லிலீற்றர் கரைப்பானை உட்செலுத்துதலும் உடனே உறிஞ்சி எடுத்தலுமாகப் பல மணி நேரம் விடாது செய்வர். பித்த அமில மாத்திரைகள் மாதக்கணக்கிற் செய்யுந் தொழிலை இஃது ஓரிரு நாளில் முடித்தது. ஆனாற் கரைப்பான் பையினின்று வழிந்து குடலுட் பாயின் வாந்தியும் அரைமயக்கமும் குடலழற்சியும் நேரும். குருதியிற் கலப்பின் செங்குருதிக் கலங்கள் சிதையவுங் கூடும். கல்சியம் செறிந்த கல்லை அது கரைப்பதுமில்லை.

வேறொரு குறையும் உண்டு. கல் கரைந்தாலும் கல்லை விளைத்த பை அங்கேயே இருந்தது. பலருக்கு மீண்டுங் கற்கள் தோன்றின. அதே 1985இல் ஜேர்மனியில் எரிச் மூஹே என்பார் சிறு துளைகள் வழியே பித்தப்பையையே அகற்றினார். அம்முறை பரவியபின் கரைப்பான் முறை பெரிதும் வழக்கொழிந்தது. இதனை இரசாயனத்தின் தோல்வி என நாம் கொள்ளோம். முதுமையாலும் இருதய நோயாலும் கத்தியைத் தாங்கமாட்டாத நோயாளர்க்கு, அந்நாளில் அக்குழாயும் அவ்வீதருமே வழியாயிருந்தன.