கடைக் கம்ப்யூட்டருக்குக் காவல் தேவையா?



ஸ்ரீவில்லிபுத்தூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் ராஜபாளையத்திற்குச் சரக்கெடுக்க வந்தபோது என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, ராத்திரி வீட்டில் வைத்துத்தான் கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்றுகிறேன். வைரஸ் தடுப்புக்கு வருஷா வருஷம் பணம் கட்டச் சொல்கிறார்கள். இது தேவையான செலவா, தண்டச் செலவா?"

அவருக்குச் சொன்ன பதிலையே இங்கு விரித்து எழுதுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. ஆனால் இந்த விஷயத்தில் ஒரு முறை நட்டப்பட்டவன்.

வைரஸ் என்பது என்ன?

கம்ப்யூட்டர் வைரஸ் தானாக உண்டாவது அல்ல. யாரோ ஒருவர் எழுதி அனுப்பும் கெட்ட புரோகிராம் அது. 1986-ல் பரவிய 'பிரெய்ன்' என்ற வைரஸை எழுதியவர்கள் பாகிஸ்தானின் லாகூரில் கம்ப்யூட்டர் கடை நடத்திய இரண்டு சகோதரர்கள். தங்கள் சாப்ட்வேரைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுப்பவர்களைக் கண்டுபிடிக்கவே அதைச் செய்ததாகச் சொன்னார்கள். அது பிளாப்பி தட்டு வழியாக ஊர் ஊராகப் போனது. 26.4.1999 அன்று 'செர்னோபில்' வைரஸ் பல நாடுகளில் ஹார்ட் டிஸ்க்குகளைத் துடைத்து அழித்தது.

அந்த நாளில் இதனால் எழுதியவனுக்கு லாபம் கிடையாது. இன்று இதுவே ஒரு வியாபாரமாகிவிட்டது. உங்கள் கணக்கைப் பூட்டிவிட்டு, "பணம் கொடுத்தால் சாவி" என்கிறார்கள். இதற்கு ரான்சம்வேர் என்று பெயர்.

12.5.2017 அன்று கிளம்பிய 'வான்னாக்ரை' சுமார் 150 நாடுகளில் புகுந்து, கம்ப்யூட்டர் ஒன்றுக்கு 300 டாலரை பிட்காயினாகக் கேட்டது. ஆந்திரப் போலீஸ் கம்ப்யூட்டர்களும், சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் கார் தொழிற்சாலையும் அதில் பாதிக்கப்பட்டன. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் 2017 மார்ச்சிலேயே வெளியிட்டுவிட்டது. அதை ஏற்றிக்கொண்டவர்கள் தப்பினார்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டவர்களே மாட்டிக்கொண்டார்கள்.

2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் பொதுத்துறையின் கம்ப்யூட்டர்களே இப்படிப் பூட்டப்பட்டன. 2024 ஜூலை இறுதியில், வங்கிகளுக்குத் தொழில்நுட்ப சேவை தரும் ஒரு நிறுவனத்தில் ரான்சம்வேர் புகுந்ததால், சுமார் 300 சிறிய வங்கிகளின் யு.பி.ஐ. முதலான பணப் பரிமாற்றம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது.

"நம் சின்னக் கடையைத் தேடி யார் வரப் போகிறார்கள்?" என்று கேட்கலாம். இது ஆள் பார்த்து வருவதில்லை. திறந்திருக்கும் கதவு எதுவானாலும் நுழையும்.

நான் பட்டது

2018-ல் ஒரு திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால், கணக்கு ஃபைல்கள் எல்லாம் பெயர் மாறிக் கிடந்தன. ஒன்றும் திறக்கவில்லை. திரையில் இங்கிலீஷில் ஒரு மிரட்டல். என்னிடம் காசு கொடுத்து வாங்கிய வைரஸ் தடுப்பு இருந்தது. அப்படியும் எப்படி நடந்தது? முந்தைய வாரம் ஒருவர் வந்து, செலவு மிச்சம் என்று திருட்டுப் பிரதி சாப்ட்வேர் ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். தடுப்பு அதை உள்ளே விடவில்லை. உடனே தடுப்பை நிறுத்திவிட்டு ஏற்றினார். நானும் பக்கத்தில் நின்று சரி என்றேன். குற்றத்தில் பாதி என்னுடையது.

பேக்கப் எடுத்த பென் டிரைவையும் அதே கம்ப்யூட்டரில் செருகியபடியே வைத்திருந்தேன். அதுவும் பூட்டிக்கொண்டது.

ஆடிட்டரிடம் பழைய பிரதி ஒன்று இருந்தது. அதற்குப் பிந்தைய பதினோரு வாரப் பற்று வரவு போயிற்று. கடை கடையாகப் போய், "உங்கள் சிட்டையைக் காட்டுங்கள், நம் பாக்கி எவ்வளவு?" என்று கேட்டேன். முக்கால்வாசிப் பேர் பைசா குறையாமல் சொன்னார்கள். சிலர் சொல்லவில்லை. பணம் போனதைக் காட்டிலும், பாக்கி கேட்கப் போன இடத்தில் கணக்குக் காட்ட முடியாமல் நின்றதுதான் பெரிய வருத்தம்.

ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் அரசாங்கத்தின் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. யார் எவ்வளவு தர வேண்டும் என்ற பேரேடு உங்கள் பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது. தவிர, ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குப் பதிவுகளை, ஆண்டு ரிட்டர்னுக்கு உரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

காவல் கட்டாயம் வேண்டும். அதற்குக் காசு கொடுக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. மூன்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

1. எந்த விண்டோஸ்? விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'டிஃபென்டர்' என்ற தடுப்பு கூடவே வருகிறது. தனிக் காசு இல்லை. ஆனால் விண்டோஸ் 7-க்கு ஆதரவு 14.1.2020-லும், விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச ஆதரவு 14.10.2025-லும் முடிந்துவிட்டன. பழைய விண்டோஸ் மீது விலை உயர்ந்த தடுப்பைப் போடுவது, செல்லரித்த கதவுக்குப் பித்தளைப் பூட்டு போடுவது போலத்தான். அந்தப் பணத்தை விண்டோஸை மாற்றச் செலவிடுங்கள்.

2. யார் யார் தொடுகிறார்கள்? நீங்கள் ஒருவர் மட்டும் கணக்குப் போட்டு, ரிட்டர்ன் ஏற்றினால், அப்டேட் சரியாக நடக்கும் விண்டோஸ் 11-ல் டிஃபென்டரே போதும். பையன்கள் விளையாட்டு இறக்குகிறார்கள், பலருடைய பென் டிரைவ் ஏறுகிறது, இரண்டு மூன்று கம்ப்யூட்டர் இணைந்திருக்கிறது என்றால், விலைக்கு வாங்குவதில் நியாயம் உண்டு. சென்னையில் 1991-ல் தொடங்கிய கே7, புனேயின் குவிக் ஹீல் போன்ற நம் நாட்டுத் தயாரிப்புகளே கிடைக்கின்றன. குவிக் ஹீலைத் தொடங்கியவர் கால்குலேட்டர் பழுது பார்க்கும் வேலையிலிருந்து வந்தவர்.

3. சந்தாவை ஒழுங்காகப் புதுப்பிப்பீர்களா? மாட்டீர்கள் என்றால் வாங்காதீர்கள். காலாவதியான தடுப்பை முழுவதும் நீக்கிவிட்டு, டிஃபென்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தடுப்புகளை ஒன்றாக ஓட்டவும் கூடாது.

தடுப்பைக் காட்டிலும் முக்கியமானவை

நம் ஊர் ராஜபாளையம் நாய் அந்நியரை அண்ட விடாது. ஆனால் வீட்டுக்காரரே நாயைக் கட்டிப்போட்டுத் திருடனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தால் அது என்ன செய்யும்? நான் செய்தது அதுதான். ஆகவே:

* திருட்டுப் பிரதி சாப்ட்வேர் வேண்டாம். "தடுப்பை நிறுத்துங்கள்" என்று எந்த சாப்ட்வேர் கேட்டாலும் அதை ஏற்றாதீர்கள்.

* தினமும் கடை அடைக்குமுன் பேக்கப் எடுங்கள். இரண்டு பென் டிரைவ்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். எடுத்தவுடன் கழற்றி, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். மாதம் ஒரு முறை அது திறக்கிறதா என்று சோதியுங்கள்.

* மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியலைக் காகிதத்தில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்தை எந்த வைரஸும் தொடாது.

* "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று திரையில் வந்தால் பேசாதீர்கள். அது ஏமாற்று.

* பூட்டப்பட்டுவிட்டால் முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். பணம் அனுப்பாதீர்கள், கொடுத்தாலும் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சைபர் குற்ற உதவி எண் 1930-ல் புகார் செய்யுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பரிடம் விண்டோஸ் 11 இருந்தது. அவர் ஒருவரே அதைத் தொடுகிறார். "தடுப்புக்குக் கட்டும் காசில் இரண்டு நல்ல பென் டிரைவ் வாங்குங்கள்" என்றேன். வாங்கிவிட்டார். இன்று ராத்திரி கணக்கு முடித்ததும் நீங்களும் ஒரு பிரதி எடுத்து, கழற்றி, பீரோவில் வையுங்கள்.