ஐப்பசியின் முப்பது நாள்கள்: ஒரு வீட்டின் சர்க்கரைக் குறிப்பேடு

நீரிழிவுக்காகப் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரிடம், “சென்ற முறை வந்து சென்ற பின் எப்படி இருக்கிறீர்கள்?” என்று மருத்துவர்கள் கேட்பது வழக்கம். “எப்போதும் போலத்தான் இருக்கிறேன்” என்பதே பெரும்பாலோரின் விடை. அவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆயினும் அந்த விடையைக் கொண்டு மாத்திரையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. எந்த நாள் எப்போது உண்டோம், எப்போது மாத்திரை போட்டோம், எத்தனை நாள் நடக்காமல் இருந்தோம் என்பவை ஒரு வாரத்திலேயே நினைவிலிருந்து நழுவிவிடுகின்றன.

இதனைக் கருதி, கடந்த ஐப்பசி மாதம் முழுவதும் எங்கள் இல்லத்தில் ஒரு குறிப்பேடு வைத்திருந்தோம். எங்கள் வீட்டின் மூத்தவரான அம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு. பதினெட்டு ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்னும் இரு மாத்திரைகளை உட்கொண்டு வந்தார். சொந்த வீட்டாருக்குத் தாமே மருத்துவம் பார்ப்பதை மருத்துவர்கள் கூடுமானவரை தவிர்ப்பர். ஆகவே அவரைக் கவனித்து வருபவர் எங்களுடன் பணிபுரியும் மற்றொரு மருத்துவர். அந்த மாதத்தில் அறிந்தவற்றை அம்மாவின் இசைவுடன் இங்கே எழுதுகிறோம். அவை மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பது எங்கள் நம்பிக்கை.

ஏன் ஒரு மாதம்?

ஹெச்பிஏ1சி என்னும் இரத்தப் பரிசோதனையை நீரிழிவு நோயாளிகள் அனைவரும் அறிவர். இரத்தத்தில் உள்ள சர்க்கரை, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினுடன் ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரை மிகுந்தால் ஒட்டும் அளவும் மிகும். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள்கள். ஆகவே இப்பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிறது என்கிறோம். எனினும் அந்த மூன்று மாதங்களுக்கும் அதில் சம பங்கு இல்லை. பரிசோதனைக்கு முந்தைய ஒரு மாதமே விடையில் ஏறத்தாழப் பாதியைத் தீர்மானிக்கிறது. எனவே ஒரு மாத அன்றாட வாழ்வைத் திரும்பிப் பார்த்தால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைப் பெரிதும் அறிந்துகொள்ளலாம்.

குறிப்பேட்டை எளிமையாகவே அமைத்தோம். நாற்பது பக்க நோட்டில் நாளுக்கு ஒரு வரி. தேதி, மாத்திரை போட்ட நேரம், மூன்று வேளை உணவின் நேரம், நடை, சர்க்கரை அளவு, பிற செய்தி என ஆறு கட்டங்கள். அது தினசரிக் காலண்டருக்குக் கீழே ஓர் ஆணியில் தொங்கியது. அருகில் ஒரு பேனாவையும் நூலில் கட்டி வைத்தோம். வீட்டிலுள்ள எவரும் எழுதலாம் என்பது ஏற்பாடு.

முதல் இரு வாரங்கள்: மழையும் நடையும்

மாதத்தின் முதல் நாள்களில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. காலை ஆறு மணிக்குச் சர்க்கரையில்லாக் காபி, ஏழரைக்கு மாத்திரை, எட்டு மணிக்கு இட்லி. வெறும் வயிற்றில் சர்க்கரை 118 முதல் 134 மில்லிகிராம் வரை. உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து 170 முதல் 190 வரை. மாலையில் தெருவில் அரை மணி நேர நடை.

எட்டாம் நாள் வடகிழக்குப் பருவமழை வலுத்தது. நடை என்ற கட்டத்தில் தொடர்ந்து நான்கு நாள்கள் ‘மழை’ என்ற ஒரே சொல். உணவிலும் மாத்திரையிலும் எந்த மாற்றமும் இல்லை. ஆயினும் இரவு உணவுக்குப் பிந்தைய அளவு 215ஐத் தொட்டது. நடக்கும்போது தசைகள் இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்துகின்றன. அப்பணிக்கு இன்சுலினின் தேவையும் குறைகிறது. நடை நின்றால் அந்த வாயில் அடைபடுகிறது.

ஐந்தாம் நாள் முதல் அம்மா முன்கூடத்திலிருந்து அடுக்களை வரை, ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் பத்து நிமிடம் நடந்தார். இரண்டு நாளில் அளவு 185க்கு இறங்கியது. தெருவில் நடக்கும் அரை மணி நேரத்தை மூன்று பத்து நிமிடங்களாகப் பிரித்து வீட்டுக்குள் நடந்தாலும் பலன் கிட்டும். மழைக்காலத்தில் இதை அனைவரும் கடைப்பிடிக்கலாம்.

மழை வாரத்தில் மற்றொரு குறிப்பும் இருந்தது: ‘வலது சுண்டுவிரல் இடுக்கு வெளுத்திருக்கிறது.’ ஈரத்தில் விரலிடுக்குகளில் பூஞ்சைத் தொற்று எளிதில் பற்றும். நீரிழிவால் பாத நரம்புகளின் உணர்ச்சி குறைந்தோருக்கு அதிலிருந்து புண் உண்டானாலும் வலி தெரியாது. இரவில் பாதத்தைத் துடைத்து, விரலிடுக்குகளை உலர்த்தி, வெளிச்சத்தில் பார்ப்பது அம்மாதம் முழுவதும் தொடர்ந்தது.

தீபாவளி: பண்டிகை நாளும் பலகாரச் சம்படமும்

மாதத்தின் நடுவில் தீபாவளி. அன்று காலை இலேகியம், அதிரசம், முந்திரிக்கொத்து எல்லாம் உண்டு. இரண்டு மணி நேரத்துக்குப் பின் சர்க்கரை 262. இது எவரும் எதிர்பார்ப்பதே. மறுநாள் மாலைக்குள் அளவு பழைய நிலைக்குத் திரும்பியது.

எதிர்பாராதது அதன் பின்னர் நிகழ்ந்தது. தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், இரவு உணவுக்கு முந்தைய அளவு 160இலிருந்து 205க்கு ஏறியது; அடுத்த நாளும் அவ்வாறே இருந்தது. ‘பிற செய்தி’ கட்டத்தைப் பார்த்தபோது காரணம் விளங்கியது: ‘நான்கு மணிக் காபியுடன் முறுக்கு’, ‘காராசேவு ஒரு கை.’ இனிப்பு இல்லை என்பதால் காரப் பலகாரத்தை யாரும் கணக்கில் கொள்வதில்லை. முறுக்கு அரிசி மாவு. காராசேவில் கடலை மாவும் அரிசி மாவும். இரண்டும் செரித்துச் சர்க்கரையாகவே மாறுகின்றன. போதாக்குறைக்கு எண்ணெயும் உப்பும் சேர்கின்றன.

ஆகவே பண்டிகையன்று அளவாக உண்பதைக் குறித்து நோயாளியும் குடும்பத்தாரும் மனத்தாங்கல் கொள்ள வேண்டியதில்லை. பண்டிகைக்குப் பின் பத்து நாள்கள் அலமாரியில் இருக்கும் சம்படங்களையே கவனிக்க வேண்டும். எங்கள் வீட்டுச் சம்படங்கள் அன்றே அக்கம்பக்கத்தாருக்குச் சென்றன.

சஷ்டி: திட்டமிட்ட நோன்பு

தீபாவளியை அடுத்துக் கந்த சஷ்டி. எங்கள் பகுதியில் திருச்செந்தூர் சூரசம்ஹாரத்தைக் காணும் வரை ஆறு நாள்கள் ஒருவேளை மட்டும் உண்டு நோன்பிருப்போர் பலர். அம்மாவும் பல்லாண்டுகளாக அவ்வாறு இருந்து வருபவர். நோன்புக்கு ஒரு வாரம் முன்னரே அவரைக் கவனிக்கும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டோம். அவர் கிளிமிபிரைடைப் பாதியாகக் குறைத்து, காலையிலிருந்து நண்பகல் உணவு வேளைக்கு மாற்றினார். நாளுக்கு மூன்று முறை சர்க்கரையைப் பார்க்க வேண்டும், 70க்குக் கீழ் இறங்கினால் உடனே நோன்பை முடித்துக்கொள்ள வேண்டும் என்பது உடன்படிக்கை. “முருகன் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டான்” என்று அம்மாவும் ஒப்புக்கொண்டார். ஆறு நாள்களில் காணப்பட்ட மிகக் குறைந்த அளவு 88.

இன்சுலின் போடுவோர், சிறுநீரகக் குறைபாடு உள்ளோர், அண்மையில் சர்க்கரை தாழ்ந்து துன்புற்றோர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் எந்த நோன்பையும் மேற்கொள்ளலாகாது.

இருபத்தாறாம் நாள்: திட்டமிடாத நோன்பு

நோன்பு முடிந்ததும் மாத்திரை பழைய அளவுக்கும் பழைய நேரத்துக்கும் திரும்பியது. இருபத்தாறாம் நாள் காலை ஏழரை மணிக்கு அம்மா வழக்கம்போல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கட்டத்தில் குறியிட்டார். அடுத்த சில நிமிடங்களில் எதிர்வீட்டு முதியவர் காலமான செய்தி வந்தது. அம்மா உடனே அங்கே சென்றுவிட்டார். தெருவில் ஒரு துக்கம் நேர்ந்தால், எடுக்கும்வரை பச்சைத் தண்ணீரும் வேண்டாம் என்றிருப்பது அவர் தலைமுறையின் பழக்கம். நாங்கள் இருவரும் அதற்கு முன்னரே மருத்துவமனைக்குப் புறப்பட்டிருந்தோம்.

மழை விடுமுறையில் வீட்டிலிருந்த எங்கள் மகன் பத்தரை மணியளவில் குறிப்பேட்டைப் பார்த்திருக்கிறான். மாத்திரைக் கட்டத்தில் குறி இருந்தது. காலை உணவுக் கட்டம் வெறுமையாக இருந்தது. எதிர்வீட்டுக்கு ஓடி, “ஆச்சி, மாத்திரை போட்டிருக்க, சாப்பிடவே இல்லையே” என்று அழைத்தபோது, அவர் வியர்த்து, சுவரில் சாய்ந்து, பேரனின் பெயரை மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். துக்கத்தில் தளர்ந்துவிட்டார் என்றே சுற்றியிருந்தோர் எண்ணியிருந்தனர். கருவியில் கண்ட அளவு 56.

மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த அரை தம்ளர் நீரை மெல்ல அருந்தச் செய்தான். பதினைந்து நிமிடம் கழித்து 84. அதன் பின் இட்லி. தொலைபேசியில் செய்தி அறிந்து நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது அம்மா தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். அன்று இரவு வரை இரண்டு மணிக்கொரு முறை சர்க்கரையைப் பார்த்தோம்.

தாழ்சர்க்கரையைப் பற்றி அறிய வேண்டியவை

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிகிளசைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றன. உணவு வந்ததா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. மெட்ஃபார்மின் அவ்வகையைச் சேர்ந்ததன்று. அதை மட்டும் உட்கொள்வோருக்குச் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்வது அரிது. எனவே நம் மாத்திரை எவ்வகை என்பதை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு அறிந்துகொள்வது முதற்கடமை.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும்பசி ஆகியவை வழக்கமான அறிகுறிகள். முதியோரிடம் இவை தோன்றாமல் குழப்பம், தடுமாற்றம், கீழே விழுதல், காரணமற்ற சினம் என்ற வடிவிலும் வரலாம். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா தடுப்பு மாத்திரை உட்கொள்வோரிடம் நடுக்கமும் படபடப்பும் மறைந்து, வியர்வை மட்டுமே எஞ்சக்கூடும். ஆகையால் நீரிழிவு உள்ள ஒருவர் திடீரெனக் குழம்பிப் பேசினால், காரணம் எதுவாகத் தோன்றினாலும் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். கருவி இல்லையேல் தாழ்சர்க்கரை என்றே கொண்டு சர்க்கரை நீர் கொடுங்கள்.

சாக்லேட்டும் ஐஸ்கிரீமும் இதற்கு ஏற்றவை அல்ல. அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலில் புகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். இவ்வகை மாத்திரைகளின் விளைவு பல மணி நேரம் நீடிப்பதால், தேறிய பின்னும் அளவு மீண்டும் தாழலாம். அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

மாத முடிவில்

மாத இறுதியில் எடுத்த ஹெச்பிஏ1சி 7.4. அவர் வயதுக்கு ஏற்றுக்கொள்ளத்தக்க எண்தான். அந்த அறிக்கையை மட்டும் பார்த்திருந்தால் எதையும் மாற்றத் தோன்றியிராது. 262, 56 என்னும் இரண்டும் ஒரு சராசரிக்குள் அடங்கி மறைந்துவிட்டன. குறிப்பேட்டைப் படித்த மருத்துவர், கிளிமிபிரைடின் அளவை நிரந்தரமாகப் பாதியாக்கினார். முதியோருக்குச் சர்க்கரையை மிக இறுக்கிப் பிடிப்பதைவிட, தாழாமல் காப்பதே முதன்மையானது என்று அவர் அம்மாவிடம் விளக்கினார். எழுபதைக் கடந்தவரின் இலக்கும் நாற்பது வயதினரின் இலக்கும் ஒன்றல்ல என்பதைக் குடும்பத்தாரும் மனத்திற்கொள்ள வேண்டும்.

நீங்களும் ஒரு மாதம் எழுதுங்கள்

1. அடுத்த பரிசோதனைக்கு ஒரு மாதம் இருக்கும்போது தொடங்குங்கள். நாளுக்கு ஒரு வரி போதும்.

2. சோதனைத் தாள்களின் விலை மிகுதி. நாளுக்கு ஒரு முறை மட்டும் பார்ப்போர் வேளையை மாற்றி மாற்றிப் பாருங்கள்: ஒருநாள் வெறும் வயிற்றில், மறுநாள் காலை உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, அதற்கடுத்த நாள் இரவு உணவுக்கு முன். மாதம் முழுவதும் வெறும் வயிற்று அளவை மட்டும் எழுதினால் பாதிச் செய்தியே கிட்டும்.

3. விரலைக் குத்தும் முன் கையைக் கழுவித் துடையுங்கள். பழமோ இனிப்போ தொட்ட விரல் பொய்யான உயர்வைக் காட்டும். தாள்கள் உள்ள குப்பியை உடனுக்குடன் இறுக மூடுங்கள். மழைக்கால ஈரம் அவற்றைக் கெடுக்கும்.

4. கணையத்தைத் தூண்டும் மாத்திரை உட்கொள்வோர், உணவு தட்டில் வந்த பின்னரே அதைக் கையில் எடுங்கள். எங்கள் வீட்டில் மாத்திரைப் பெட்டி இப்போது உணவு மேசையிலேயே இருக்கிறது.

5. துக்கம், திருமணம், பயணம், விருந்தினர் வருகை ஆகியவற்றைத் தவறாமல் குறியுங்கள். உணவு நேரம் தவறுவது பெரும்பாலும் அந்நாள்களிலேயே.

6. குறிப்பேட்டைப் பார்த்து நீங்களாகவே மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். புறநோயாளர் சீட்டுடன் அதையும் எடுத்து வாருங்கள். எழுத இயலாத முதியோருக்காக வீட்டிலுள்ள பிள்ளைகள் எழுதட்டும்.

நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். இன்சுலினைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான பிரடெரிக் பான்டிங் பிறந்த நாள். அது ஐப்பசியின் கடைசி நாள்களில்தான் வருகிறது. எங்கள் வீட்டில் அம்மா கார்த்திகைக்கும் ஒரு புதிய பக்கத்தைத் தொடங்கிவிட்டார். காலை உணவுக் கட்டத்தை இப்போது மாத்திரைக் கட்டத்துக்கு முன்னால் வரைந்திருக்கிறார்.