ஆறு மணி நேரத்தில் கரைவது எது?

‘டெக்னீசியத்தின் அரை ஆயுள் ஆறு மணி நேரம்தானே, அதற்குள் மருந்தே பாதி சிதைந்துவிடும்.’ இதயத்தின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேனுக்குப் போகிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது.

ஆறு மணி நேரம் என்பது அணுக்கருவின் கணக்கு. டெக்னீசியம்-99எம் கருக்களில் பாதி அதற்குள் காமா கதிரை வீசி ஓய்ந்துவிடும். சேர்மம் எவ்வளவு உறுதியானது என்பது வேறு கதை. இந்த ஸ்கேனுக்குச் செலுத்தும் செஸ்டாமிபி என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம்: நடுவில் ஒரு டெக்னீசியம், அதை ஆறு திசையிலும் கார்பன் முனையால் பற்றி நிற்கும் ஆறு ஐசோநைட்ரைல் மூலக்கூறுகள். தண்ணீரோ புரதமோ எளிதில் புகுந்து பிரிக்க முடியாத கூடு.

அந்த உறுதி சும்மா வந்துவிடவில்லை. 1980களில் டெக்னீசியத்தின் பாஸ்பீன் சேர்மம் ஒன்று விலங்குகளின் இதயத்தை அழகாகக் காட்டியது. மனிதருக்குச் செலுத்தினால், உடலுக்குள் ஓர் எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டு, நேர்மின்சுமையை இழந்து, இதயத்தைவிட்டு நழுவியது. எம்ஐடியின் ஆலன் டேவிசனும் ஹார்வர்டின் அலுன் ஜோன்ஸும் ஐசோநைட்ரைல் பக்கம் போனார்கள். முதலில் செய்தது இதயத்தில் நின்றது. ஆனால் நுரையீரலும் கல்லீரலும் சேர்ந்து ஒளிர்ந்து படத்தைக் கெடுத்தன. மூலக்கூறின் வாலில் ஈதர் தொகுதியைச் சேர்த்துப் பார்த்த பிறகே காரியம் கைகூடியது. அதுதான் செஸ்டாமிபி; 1990இல் அமெரிக்கா அதை அனுமதித்தது.

‘சாயம் ஏற்றுகிறார்கள்’ என்பதும் சரியல்ல. ஆஞ்சியோவில் செலுத்தும் அயோடின் திரவம் ரத்தக்குழாயின் உள்வடிவைக் காட்டும். செஸ்டாமிபியோ உயிருள்ள தசைச் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்த் தங்குகிறது. அங்குள்ள எதிர்மின்னழுத்தம் அதை இழுத்துக்கொள்கிறது. அளவும் சாயம்போல் அல்ல: ஊசியில் இருக்கும் டெக்னீசியம்-99எம் சில நானோகிராம்தான்.

‘கொதிக்க வைத்த மருந்து கெட்டுப்போகாதா?’ இந்தச் சந்தேகம் நியாயமானது, பதில்தான் தலைகீழ். டெக்னீசியம் ஜெனரேட்டரிலிருந்து உப்புநீரில் வடிந்து வரும் பெர்டெக்னடேட் என்ற டெக்னீசியம் வடிவத்தை மருந்துக் குப்பியில் விட்டு, கொதிநீரில் பத்து நிமிடம் வைத்தால்தான் ஆறு ஐசோநைட்ரைல் கைகளும் சரியாகப் பற்றும். உண்மையில் பலவீனமான ஆள் வேறு: குப்பியில் இருக்கும் துளியூண்டு வெள்ளீயக் குளோரைடு. டெக்னீசியத்துக்கு எலெக்ட்ரான் கொடுப்பது அதுதான். காற்று பட்டால் அதுவே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும். மாறாமல் மிஞ்சுகிற பெர்டெக்னடேட் தைராய்டுக்கும் இரைப்பைக்கும் போய்ச் சேரும்.

அதனால்தான் ஊசி போடுமுன், அலுமினா பூசிய ஒரு சிறு பட்டையில் சொட்டு வைத்து, எத்தனாலில் நிறுத்திப் பார்க்கிறார்கள். நல்ல மருந்து எத்தனாலோடு மேலே ஏறும், கழிவு அடியிலேயே கிடக்கும். மேலே போனது 90 சதவீதத்துக்குக் குறைந்தால் அந்தக் குப்பி நோயாளியிடம் போவதில்லை.