மறுபதிப்பும் பழைய படியும்

சிவகாசியிலிருந்து 1972ஆம் ஆண்டு வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962இல் தொடங்கிய இப்படக்கதைக்கு ஓவியம் தீட்டியவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்ததும் நாயகனின் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் கண்ணுக்குப் புலப்படும். அக்கையைக் கண்டு வியந்த தலைமுறை இன்று முதுமையை எட்டிவிட்டது; இதழ்களுக்கும் அதே நிலைதான்.

மலிவான தாளில் எஞ்சியிருக்கும் லிக்னின் என்னும் மரப்பொருள், ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பேறுகிறது. நாளடைவில் தாள் மடிப்பில் ஒடிகிறது. எனவே மறுபதிப்பு தேவையாகிறது. அது கதையையும் ஓவியத்தையும் காக்கிறது. ஆயினும் பழைய விலை, விளம்பரம், வாசகர் கடிதம் ஆகியவை அதில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அட்டையில் எவரோ மையால் எழுதிய பெயரைச் சேகரிப்போர் குறையென்பர். வாசிப்பு வரலாற்றை ஆய்வோருக்கோ அதுவே சான்று!

ஆகவே, மறுபதிப்பை வாங்கியவர் பழைய படியைக் கழித்துவிடுதல் தகாது. தருமபுரி, அரூர், பென்னாகரம் என எவ்வூராயினும், உங்கள் வீட்டுப் பரணில் இத்தகைய இதழ் கிடைப்பின், எடைக்குப் போடுமுன் அதன் பதிப்பாண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். கிழிந்த பக்கத்தில் ஒட்டுநாடாவை ஒட்டாதீர்கள். அதன் பசை தாளில் நீங்காக் கறையை ஏற்படுத்தும்.